ஏழரை வருஷம் வெறுங்கால்

"ஓடுய்யா! இன்னா பாத்துக்கினு கீறே, ஓடு!"

ஜோதிகா கத்தியது பிளாட்பாரம் முழுக்கக் கேட்டிருக்கும். திருவொற்றியூர் ஸ்டேஷனை விட்டுக் கும்மிடிப்பூண்டி ரயில் நகர ஆரம்பித்திருந்தது. படிக்கட்டில் பாதியைத் தாண்டிக் குதித்தேன். இரண்டு கால் செருப்பையும் உதறினேன். கடல்காரனுக்குச் செருப்போடு ஓட வராது. கடைசிக்கு முந்தின பெட்டியின் கம்பி கைக்கு எட்டியது. பிடித்துவிட்டேன். கால்தான் காற்றில் தொங்கியது.

உள்ளேயிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் போட்டது. காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் கை.

"சாவறதுக்கு வேற வண்டியே கெடைக்கலியா, நைனா?"

"அடுத்த வண்டி ரெண்டு மணிக்கும்மா. அது எனக்கு ஒதவாது."

"அப்புடி இன்னா அவசரம்? பொண்டாட்டிக்கு வலி வந்துருச்சா?"

"பொண்டாட்டிதான் பிளாட்பாரத்துல நின்னு வெரட்டிக்கினு கீறா, பாக்கல?"

அந்த அம்மா எட்டிப் பார்த்தாள். ஜோதிகா இடுப்பில் சின்னவளையும் ஒரு கையில் என் செருப்பையும் வைத்துக்கொண்டு, ரயில் கூடவே பத்தடி ஓடிவந்து நின்றாள். அவள் கடைசியாகக் கத்தியது எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும்.

"எங்கண்ணன் இல்லாம வூட்டாண்ட வராதே!"

மணி பன்னிரண்டு நாற்பது. அன்று அமாவாசை. சரியாக இரண்டு மணிக்கு எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும். கழுத்தளவு ஆழம் இருக்கிற இடம் மார்பளவு ஆகும். அரை மணி நேரம் அப்படியே நிற்கும். அந்த அரை மணிக்குள் ஒருவன் கால்நடையாக அக்கரைக்குப் போய்விடுவான். போய்விட்டால் அப்புறம் காட்டுப்பள்ளி, பழவேற்காடு, ஆந்திரா. மறுபடி அவன் இந்தப் பக்கம் வர எத்தனை வருஷமோ.

அவன் என் மச்சான் வெற்றி. ஜோதிகாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன். ஏழரை வருஷமாகக் காலில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருப்பவன். ஏழரைச் சனி பிடித்திருந்தால்கூட இந்நேரம் விட்டிருக்கும். இவனை விடவில்லை.

காலையில் கமால்தான் கண்டுபிடித்தான். காசிமேட்டுக்கு ஐஸ் அடிக்கிற லாரி டிரைவர். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, ஐஸுக்கு வேலையில்லை. சும்மா எர்ணாவூர்ப் பக்கம் டீ குடிக்க நின்றவன் கண்ணில் ஒரு ஜோடிக் கால் பட்டிருக்கிறது. எருமைக் குளம்பு மாதிரி கறுத்து, ஓரமெல்லாம் வெடித்த கால். இடது கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியே விலகி நின்றதாம். சின்ன வயதிலிருந்து அந்த விரலிடுக்கில் வலைக்கயிற்றைப் பிடித்துப் பிடித்து அப்படி ஆன விரல். எங்கள் குப்பத்தில் ஆளைக் காலை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். முகத்தில் தாடி வைக்கலாம், காலில் என்ன வைக்க முடியும்?

கமால் பேச்சுக் கொடுத்திருக்கிறான். ஆள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வடக்கே முகத்துவாரத்தைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டான். கமால் ஒரு ரூபாய் போனுக்கு ஓடி, எங்கள் தெரு மளிகைக் கடைக்கு அடித்து, அவர்கள் ஜோதிகாவைக் கூப்பிட்டு, அவள் காசிமேட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஆள் விட்டு, நான் பஸ் பிடித்து வருவதற்குள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் மூன்று கிலோமீட்டருக்கு வரிசை கட்டி நின்றன. இறங்கி ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஜோதிகா எனக்கு முன்னால் அங்கே நின்றாள்.

"நாலு பசங்கள அனுப்பிப் புடிச்சிக்கினு வரச் சொன்னா என்ன?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

"மொத தபா நாகப்பட்டணத்துல அப்புடித்தானே பண்ணே? சுவரேறிக் குதிச்சி ஓடல? யார் இன்னா சொல்லியனுப்புனாலும் பொய்யின்றான். நீ போனாத்தான் நிப்பான். வேற யாராலயும் ஆவாது."

இரண்டு முறை தவறவிட்டிருக்கிறோம். நாகப்பட்டினத்தில் ஒரு நாள் வித்தியாசம். காக்கிநாடாவில் அரை நாள். இது மூன்றாவது.

ரயில் விம்கோ நகரில் நின்றது. இறங்கி ரயிலைத் தள்ளலாமா என்றிருந்தது.

மீன்கூடை அம்மா விடவில்லை. "செருப்பில்லாம நடக்கறானா? எதுனா வேண்டுதலா?"

"இல்லம்மா."

சொன்னேன். சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகிறவன் செருப்பைக் கரையில், படகு நின்ற இடத்துக்கு நேராகக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவான். படகில் செருப்புக் கால் படக்கூடாது. அவன் திரும்பி வரும்வரை அந்தச் செருப்பை யாரும் தொடமாட்டார்கள். நாய் கவ்விக்கொண்டு போனாலும் துரத்திப் பிடுங்கி அதே இடத்தில் போடுவார்கள். செருப்பு கிடந்தால் ஆள் கடலில் இருக்கிறான், வருவான். இனி வரமாட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டால், பதினோராம் நாள் அந்தச் செருப்பை அலையில் விட்டுவிடுவார்கள். அதோடு சரி.

அந்த ஐப்பசியில் வெற்றியும் அவன் தோஸ்தும் ஃபைபர் படகில் போனார்கள். காற்று மாறியது. படகு கவிழ்ந்தது. வெற்றி ஒரு பெட்ரோல் கேனைக் கட்டிப் பிடித்து விடியற்காலையில் கரை சேர்ந்தான். கூடப் போனவன் வரவில்லை. பதினோரு நாள் வெற்றி அந்தச் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சோறு தண்ணி இல்லை. பதினோராம் நாள் ஊர் கூடி அந்த நீல வார்ச் செருப்பை அலையில் விட்டது. வெற்றி எழுந்தான். தன் செருப்பையும் கழற்றி அதோடு விட்டான். தெற்குப் பக்கமாக நடக்க ஆரம்பித்தான். நிற்கவே இல்லை.

கரையில் நடந்ததெல்லாம் ஜோதிகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் ஊரில் இல்லை.

"அட தேவுடா," என்றாள் அந்த அம்மா. எண்ணூர் வந்ததும் அவளே என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "எறங்கு எறங்கு. வண்டி நிக்கட்டும்னு பாக்காதே, குதி!"

மணி ஒன்று ஐந்து.

சித்திரை வெயிலில் தார் ரோடு கொதித்தது. நூறடி ஓடியதும் புரிந்துவிட்டது, நான் எவ்வளவு பெரிய மடையன் என்று. பாதம் தோசைக்கல்லில் போட்ட மாதிரி சுரீர் சுரீர் என்றது. மண் ஓரமாக ஓடினால் கருவேல முள். நிழல் கண்ட இடமெல்லாம் நொண்டி நொண்டி நின்றேன். கன்னியாகுமரி வரை, அங்கிருந்து கொச்சி, மங்களூர், அந்தப் பக்கம் குஜராத் வரைகூடப் போனதாகச் சொல்வார்கள், இந்தக் கால்களை வைத்துக்கொண்டு அவன் எப்படி நடந்தான்? முதல் நாள் இதே மாதிரித்தானே சுட்டிருக்கும்?

குப்பத்துக்குத் திரும்புகிற முனையில் ஓலைப் பந்தல் போட்டு ஒரு அம்மா மோர் விற்றுக்கொண்டிருந்தாள். பலகையில் 'புஷ்பவல்லி மோர் ஸ்டோர்' என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. என் காலைப் பார்த்தாள்.

"இன்னாடா இது, இன்னிக்கு ஊர்ல எல்லாரும் செருப்ப அடகு வெச்சிட்டீங்களா?"

"அவரு போயி எவ்ளோ நேரம் ஆச்சி?"

"யாரு, அந்த நடக்கற அண்ணாத்தையா? பத்து நிமிசம் கூட ஆவல. உக்காரு, மூஞ்சியெல்லாம் செவந்து கீது. மோரு குடி."

"எந்தப் பக்கம்?"

"குடிச்சிட்டுக் கேளு. அவரு எங்கியும் பறந்துடமாட்டாரு. தண்ணி வத்தறதுக்கு இன்னும் நேரங்கீது, அதுவரிக்கும் முகத்துவாரத்தாண்ட குந்திக்கினு இருப்பாரு. படகுல போறியா, எங்க வூட்டுக்காரரு வுடுவாருன்னு சொன்னேன். படகுன்னதும் ஆளு நடுங்கிட்டாரு." சொம்பை நீட்டினாள். "நீ இன்னா வேணும் அவருக்கு?"

"தங்கச்சி புருஷன்."

"அப்போ கூட்டிக்கினு போ, புண்ணியமாப் போவும். பாவம்ப்பா. வந்ததும் என்னைக் கேட்ட கேள்வி இன்னா தெரியுமா? 'இன்ன வருசம் ஐப்பசியில இந்தக் கரையில எதுனா ஒடம்பு ஒதுங்குச்சா?'ன்னு. ஒவ்வொரு குப்பத்துலயும் அதத்தான் கேட்டுக்கினு வராராம். இந்தியா பூரா! ஒதுங்குனா எங்க பொதைச்சாங்கன்னு கேட்டு, அங்க போயி ஒரு கைப்பிடி மண்ணு எடுத்துப் பாத்துட்டுப் போவாராம். மண்ணாங்கட்டின்னு ஒரு சிநேகிதனாம். அவனத் தேடறாரு. எமன் வேணான்னு வுட்டுட்டுப் போவட்டும்னு ஆத்தாகாரி ஆசையா வெச்ச பேரு அது, அதக்கூட எமன் மதிக்கல பாரு."

மோர் எனக்குப் புரையேறியது.

"மெள்ள, மெள்ள. அந்தாளு ஒண்ணு சொன்னாரு, எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சி. கடலப் பாத்தா அந்த மண்ணாங்கட்டி கொரலு கூப்புடுதாம். 'வெற்றி, வெற்றி'ன்னு. அதக் கேட்டா கால் தானா ஓடுதாம். நானே கொன்னுட்டேம்மான்னு சொல்லி அழுதாரு. கவுந்த படகோட கட்டியிருந்த அவன் இடுப்புக் கயித்த இவருதான் அறுத்து வுட்டாராம். ரெண்டு நாள் கழிச்சிப் படகு கரைக்கு வந்துச்சாம், ஆளு வரல. அறுக்காம இருந்தா படகோட வந்துருப்பானேன்னு ஒரே பொலம்பல்."

சொம்பைக் கீழே வைத்தேன்.

"காசு வேணாம், ஓடு," என்றாள் புஷ்பவல்லி. "தோ, அந்தச் சவுக்குக்கு அந்தாண்ட."

சவுக்கைத் தாண்டியதும் முகத்துவாரம் கண்ணில் விரிந்தது. ஒரு பக்கம் கடல் வெள்ளையாக இரைந்தது. இந்தப் பக்கம் உப்பங்கழி, கரிச்சேறும் சிப்பியுமாக வற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் துறைமுகக் கிரேன்கள் வெயிலில் ஆடின. மணல் மேட்டில் ஒருத்தன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். காவி இல்லை, மாலை இல்லை. சாயம்போன கட்டம்போட்ட சட்டை, மடித்துக் கட்டிய கைலி, தோளில் ஒரு அரிசிப் பை.

அந்தத் தோள் சரிவை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

இருநூறு அடி தூரம். புத்தி வேலை செய்யவில்லை. புஷ்பவல்லி சொன்னதெல்லாம் பறந்துவிட்டது. கையை வாயில் குவித்துக் கத்திவிட்டேன்.

"வெற்றீ!"

அவன் துள்ளி எழுந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். அப்படியே தண்ணீரை நோக்கி ஓடினான்.

"டேய் நில்லுடா!"

இன்னும் வேகமாக ஓடினான். வாயைப் பொத்திக்கொண்டு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இனிமேல் ஒரு சத்தம் போடக்கூடாது. பேசாமல் ஓடிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் ஏழரை வருஷம் நடந்த காலோடு யார் ஓடிப் பிடிப்பது? சிப்பி ஓட்டின் மேல் அவன் பாய்மேல் ஓடுகிற மாதிரி ஓடினான். எனக்கு ஒவ்வொரு அடியும் பிளேடு. அவன் முழங்கால் ஆழத்தில் இறங்கினான். இடுப்பளவு. காதிலிருந்து ஒரு கையை எடுத்துப் பையைத் தலைக்குமேல் தூக்கினான். மணி ஒன்றரைதான், தண்ணீர் இன்னும் முழுதாக வற்றவில்லை. நடுவில் இழுப்பு இருக்கும். அது அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் போகிறான் என்றால் என் குரலுக்கு அவ்வளவு பயந்திருக்கிறான்.

குறுக்கே போய் மடக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மணல் திட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனிக்குப் போனால் அவனுக்கு முன்னால் இறங்கலாம். ஓடினேன். நுனியில் குதித்தேன்.

மணல் இல்லை அது. சேறு.

முட்டி வரை ஒரே மூச்சில் போயிற்று. காலை இழுத்தேன். உள்ளே எதுவோ பாதத்தில் நறுக்கென்று இறங்கியது. இன்னொரு காலை ஊன்றினேன், அது தொடை வரை போயிற்று. நிலைதடுமாறி முகம்குப்புற விழுந்தேன். வாயெல்லாம், கண்ணெல்லாம் கரிச்சேறு. எழுந்திருக்க எழுந்திருக்க உள்ளே இழுத்தது. பாதத்து வலி உச்சந்தலைக்கு ஏறியபோது என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

நடுத்தண்ணீரில் அவன் நின்றான்.

சேற்றுக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்தேன். மார்பளவு தண்ணீர். அக்கரை இன்னும் நாற்பதடி. இன்னொரு காதிலிருந்தும் கையை எடுத்தான். அக்கரையைப் பார்த்தான். இந்தப் பக்கம் திரும்பினான். தண்ணீரில் ஒருத்தன் கத்துகிறான். அவன் முகத்தில் தெரிந்ததை என்னவென்று சொல்ல. ஒரு முறை விட்டுவிட்டு வந்தவனால் இன்னொரு முறை முடியாது, அவ்வளவுதான்.

பையை விட்டான். அது இழுப்போடு மிதந்து போயிற்று. என்னை நோக்கி நீந்தி வந்தான்.

"அசையாத! அசையாத அண்ணாத்தே! அசஞ்சா இன்னும் இழுக்கும்!"

முதுகுப் பக்கமாக வந்து என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்தான். "நான் தம் புடிச்சதும் நீ மல்லாக்க சாயி. ஒண்ணு... ரெண்டு..."

மூன்றாவது இழுப்பில் வந்தேன். அந்தக் கைகள் பாறை மாதிரி இருந்தன. திட்டின்மேல் என்னை இழுத்துப் போட்டுவிட்டு அவனும் விழுந்தான். இரண்டு பேரும் கரைக்கு வந்த மீன் மாதிரி வாயைத் திறந்து கிடந்தோம்.

அவன்தான் முதலில் எழுந்தான். என் முகத்தைப் பார்த்தான். அங்கே சேறு தவிர எதுவும் இல்லை. காலைப் பார்த்தான். உள்ளங்காலில் ஒரு விரல் நீளச் சிப்பி ஓடு நட்டுக்கொண்டு நின்றது.

"கலீஜான எடத்துல செருப்பில்லாம எறங்குவாங்களா?" என்றான். சொல்லிவிட்டுத் தன் காலையே பார்த்துச் சிரித்தான். ஏழரை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். "எனக்கு ஒண்ணும் ஆவாது. நான் பழகுனவன்."

என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். நிதானமாக ஓட்டை அசைத்தான். நான் பல்லைக் கடித்தேன்.

"ஜோதிகா அனுப்புன ஆளா நீ?"

தலையாட்டினேன்.

"எப்படிக் கீறா?"

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். இரண்டு விரலைக் காட்டி, இடுப்பளவு ஒன்று, முட்டியளவு ஒன்று என்று காட்டினேன். அவன் கண் கலங்கியது. "கொழந்தைங்களா? ரெண்டா? நல்லாருக்கட்டும். அவளாண்ட போய்ச் சொல்லு. நான் வரமாட்டேன். நான் ஒருத்தனக் கடல்ல வுட்டுட்டு வந்தவன். அவன் எங்க கீறான்னு தெரியாம நான் வூட்டுல குந்திச் சோறு துன்ன முடியாது."

சிப்பி ஓடு வெளியே வந்தது. ரத்தம் கொட்டியது. கைலி நுனியைக் கிழித்து அமுக்கிக் கட்ட ஆரம்பித்தான்.

இனிமேல் பேசாமல் இருக்க முடியாது. சேற்றுத் தண்ணீர் குடித்த தொண்டை; குரல் எனக்கே அடையாளம் தெரியாமல் கரகரத்தது.

"கயித்த அறுத்தது தப்பில்ல."

"அத நீ சொல்லாத."

"படகு எப்புடி கரைக்கு வந்துச்சி? கவுந்துதானே? கட்டியிருந்தா அவனும் படகுக்கு அடியில தலகீழாத்தான் வந்துருப்பான், பொணமா."

"ஊர்ல எல்லாரும் இப்புடித்தான் ஆறுதல் சொல்வாங்க."

"கத்தி கைப்புடி ஒடஞ்சி போச்சி. பாதிக் கயிறு அறுந்து, மீதிய நீ பல்லாலக் கடிச்சி இழுத்தே. முன்பல்லு ஒண்ணு ஆடிப்போச்சி. 'போடா, நீஞ்சிப் போடா'ன்னு கத்தனே."

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

குழந்தை கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டான்.

"பல்லால கடிச்சத நான் யாராண்டயும் சொன்னதில்ல. ஜோதிகாவாண்ட கூட. அங்க ரெண்டு பேருதானே இருந்தோம்?"

"ஆமா. ரெண்டு பேருதான் இருந்தோம்," என்றேன். எழுந்து உட்கார்ந்தேன். கழித் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துச் சேற்றைக் கழுவினேன். "மறுநாள் மத்தியானம் பங்களாதேஷ் சிட்டகாங் போற கப்பல்காரன் தூக்கிப் போட்டுக்கினு போனான். பேப்பர் இல்ல, பாஸ்போர்ட் இல்ல, வூடு வந்து சேர நாலு மாசம். வந்து பாத்தா ஊரு என் செருப்ப அலையில வுட்டுட்டு கீது, நீயும் இல்ல. உன் தங்கச்சி மட்டும் கரையில குந்திக்கினு கீறா."

அவன் என் முகத்தைத் தொட்டான். கன்னத்தை, காதை, மூக்கை. பார்வையில்லாதவன் தடவிப் பார்ப்பதுபோல.

"நல்லாப் பாத்துக்கடா, மச்சான். நான்தான் மண்ணாங்கட்டி."